மூன்று தேநீர்க் கடைகளும் நான்காவதும்

தோக்கியோவுக்குப் போகிறோம் என்று சொன்னதும் உறவினர்கள் ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள். ஃபுஜி மலை, டிஸ்னிலேண்ட், அசாகுசா கோயில். என் பட்டியலில் மட்டும் அவர்கள் யாரும் கேள்விப்படாத ஒரு பெயர் இருந்தது: சங்கென்ஜாயா.

“அங்க என்னம்மா இருக்கு?” என்று அப்பா கேட்டார்.

“ஒரு காப்பிக்கடைப்பா.”

“அதுக்கா ஏழு மணி நேரம் விமானத்துல போறோம்? நம்ம புளோக்குக்குக் கீழயே ரெண்டு இருக்கே!”

அந்தக் காப்பிக்கடை உண்மையில் இல்லை என்பதை அவரிடம் நான் அப்போது சொல்லவில்லை. அது ஒரு மின்விளையாட்டுக்குள் இருக்கும் கடை. அந்தக் கடையின் மாடியறையில் நான் 110 மணி நேரம் குடியிருந்திருக்கிறேன்.

அறைக்குள் ஒரு தோக்கியோ

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சிங்கப்பூர் வீட்டுக்குள் அடங்கியிருந்த நாள்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்புதான் ‘பெர்சோனா 5 ராயல்’ ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஜப்பானின் அட்லஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ‘பெர்சோனா 5’ விளையாட்டின் விரிவாக்கிய பதிப்பு அது. ஒரு கதாபாத்திரமாகவே மாறி, கதைக்குள் வாழ்ந்து ஆடும் வகை.

கதையின் நாயகன் உயர்நிலைப் பள்ளி மாணவன். குடிபோதையில் ஒரு பெண்ணிடம் தகராறு செய்த மனிதரைத் தடுக்கப்போய், அவன் மேலேயே பொய் வழக்கு விழுகிறது. ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்காக அவனைத் தோக்கியோவுக்கு அனுப்புகிறார்கள். அவனுக்கு இடம் கொடுப்பவர் சோஜிரோ என்ற நடுத்தர வயதுக்காரர். ‘லெப்லாங்’ என்ற சிறிய காப்பிக்கடை வைத்திருக்கிறார். கடையில் காப்பியும் கறிச்சோறும் கிடைக்கும். மாடியில் தூசி படிந்த ஒரு பரண். அதுதான் அவன் அறை.

பகலில் பள்ளிக்கூடம். மற்ற நேரத்தில் அவனும் நண்பர்களும் ரகசியத் திருடர்கள். அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தும் பெரியவர்களின் மனத்துக்குள் நுழைகிறார்கள். அங்கே அவர்களின் பேராசை கோட்டையாகவும் மாளிகையாகவும் எழும்பி நிற்கிறது. அதன் மூலத்தைத் திருடிவிட்டால் அந்த மனிதர் மனந்திருந்தி உண்மையை ஒப்புக்கொள்வார்.

அம்மா 2017இல் தவறியபின் எங்கள் வீவக வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. அப்பா பேருந்து ஓட்டுநர்; ஊரடங்கினாலும் அவருக்கு வேலை உண்டு. நான் அலுவலகக் கணினியை மூடிய கையோடு பிளேஸ்டேஷனைத் திறப்பேன். இரவு அவர் திரும்பும்போது என் அறைக் கதவு சாத்தியிருக்கும். “சாப்பிட்டியா?” என்று வெளியிலிருந்தே கேட்பார். “சாப்பிட்டேன்ப்பா” என்பேன். அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

கூடு மாறிய ஷிபுயா

2023 நவம்பரில், அப்பா ஓய்வுபெற்ற சில மாதங்களில், இருவரும் தோக்கியோ சென்றோம். இரண்டாம் நாள் காலை ஷிபுயா நிலையத்தில் இறங்கினோம்.

விளையாட்டில் நாயகன் தினமும் வந்துபோகும் இடம் ஷிபுயா. எந்தப் படி ஏறினால் எந்த ரயில் என்று மனப்பாடமாகத் தெரியும் என நினைத்திருந்தேன். பத்தே நிமிடத்தில் வழி தவறினேன். நான் பார்த்துப் பழகியது 2016ஆம் ஆண்டின் ஷிபுயா. அதற்குப்பின் நிலையத்தை இடித்து இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கின்சா தடத்தின் நடைமேடையே 2020 தொடக்கத்தில் வேறிடத்துக்கு மாறிவிட்டது.

ஒன்று மட்டும் மாறவில்லை. கின்சா தடம் சுரங்க ரயில்தான். ஆனால் ஷிபுயாவில் அதைப் பிடிக்க மாடிக்கு ஏற வேண்டும். ஷிபுயா ஒரு பள்ளத்தாக்கில் இருப்பதால், மேட்டுக்குள்ளிருந்து வரும் சுரங்கப்பாதை இங்கே தரைக்கு மேலே வந்து நிற்கிறது. முதன்முதலாகப் பள்ளிக்குப் போகும் நாளில் இந்தக் குழப்பத்தில் நம்மைச் சுற்றவிடுவதுதான் விளையாட்டின் குறும்பு. புது ஊருக்கு வந்த பையனின் திகைப்பு நமக்கும் தொற்றிக்கொள்ளும்.

ஹாச்சிகோ நாய்ச் சிலையருகே அப்பாவைப் படம் எடுத்தேன். இறந்துபோன எசமானருக்காகப் பல ஆண்டுகள் இந்த நிலைய வாசலில் காத்திருந்த நாய் என்று சொன்னேன். “சாப்பாடு யாரு போட்டாங்களாம்?” என்று கேட்டார். அப்பாவின் கேள்விகள் எப்போதும் அப்படித்தான்.

முக்கோணத்துக்குள் ஒரு பேட்டை

ஷிபுயாவிலிருந்து தென்-என்-தோஷி தடத்தில் விரைவு ரயில் பிடித்தால் அடுத்த நிறுத்தமே சங்கென்ஜாயா. ஐந்து நிமிடப் பயணம். விளையாட்டில் இதன் பெயர் யோங்கென்ஜாயா. பெயருக்குள் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. ஜப்பானிய மொழியில் ‘சங்’ என்றால் மூன்று, ‘யோங்’ என்றால் நான்கு. எடோ காலத்தில், ஓயாமா மலைக்கு யாத்திரை போகிறவர்களின் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் மூன்று தேநீர்க் கடைகள் இருந்தன. ‘மூன்று தேநீர்க் கடை’ என்பதே ஊர்ப்பெயராக நிலைத்தது. விளையாட்டை உருவாக்கியவர்கள் ஒரு கடையைக் கூட்டி அதை ‘நான்கு தேநீர்க் கடை’ ஆக்கிவிட்டார்கள். அந்த நான்காவது கடைதான் நம் லெப்லாங் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

பாதை பிரிந்த இடம் இன்றும் பிரிந்தேதான் இருக்கிறது. ஒருபக்கம் 246ஆம் எண் நெடுஞ்சாலை, அதன் தலைக்கு மேலே விரைவுச்சாலை. மறுபக்கம் செத்தகாயா சாலை. இரண்டுக்கும் நடுவே முக்கோணமாக ஒரு துண்டு நிலம். அதற்குள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். ஏழெட்டு நாற்காலி போட்ட மதுக்கடைகள், சிறு உணவகங்கள், தலைக்கு மேல் பின்னிக்கிடக்கும் மின்கம்பிகள். காலையில் போனால் பெரும்பாலும் பூட்டியிருக்கும். மாலையில்தான் விளக்கு ஏறும். வசிப்பவர்களும் வியாபாரம் செய்பவர்களும் இருக்கும் இடம் என்பதால், கதவுகளையும் ஆட்களையும் கேட்காமல் படமெடுக்க வேண்டாம்.

அந்தச் சந்தில் நின்றபோது எனக்குப் புல்லரித்தது. தெருவை அச்சு அசலாகப் பெயர்த்து வைத்ததால் அல்ல. லெப்லாங் கடையோ அதன் எதிர்ச்சந்தோ அங்கே இல்லை. ஆனால் சந்தின் அகலம் சரியாக இருந்தது. கம்பிகளும், பெரிய சாலையின் இரைச்சல் திடீரென அடங்கிப்போவதும் சரியாக இருந்தன.

இந்த விளையாட்டின் மிகப் பெரிய பலம் அதுதான். பெரும்பாலான விளையாட்டுகள் நம்மை ஓர் உலகம் முழுக்க ஓடவிடும். இது நான்கைந்து தெருக்களைக் கொடுத்து, அவற்றிலேயே ஓராண்டு வாழச் சொல்கிறது. பொதுக் குளியலறை, காசு போட்டுத் துவைக்கும் சலவைக்கடை, ஒரு சிறு மருந்தகம், பழைய பொருள் கடை. அதே இடங்களை மழையிலும் வெயிலிலும் கடந்துபோகும்போது, தோ பாயோவில் வளர்ந்தவருக்கு அதன் சந்தை பழகுவதுபோல, அந்தத் தெருவும் பழகிவிடுகிறது.

அடுத்த பலம் நாள்காட்டி. ஒவ்வொரு நாளும் பள்ளி முடிந்ததும் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை. அதற்குமேல் கிடையாது. படிக்கலாம், பகுதிநேர வேலைக்குப் போகலாம், அல்லது யாரோ ஒருவருடன் நேரம் செலவிடலாம். ஒருவருடன் போனால் இன்னொருவரிடம் போக முடியாது. போன மாலை திரும்பி வராது. இரவில் சோஜிரோவிடம் கற்றுக்கொண்டு தயாரிக்கும் காப்பியும் கறியும்தான் மறுநாள் சண்டைக்களத்தில் மனோபலத்தைத் திருப்பித் தரும். வீட்டில் கழித்த நேரம் வெளியில் கைகொடுக்கும் என்பதை உபதேசமாகச் சொல்லாமல் ஆட்டவிதியாகவே வைத்திருக்கிறார்கள்.

கருப்பு, சிவப்பு, வெள்ளை மட்டுமே வைத்து வரைந்த பட்டியல் பக்கங்கள்கூடத் துள்ளுகின்றன. ஷோஜி மெகுரோவின் ஜாஸ் கலந்த இசையை இன்றும் எம்ஆர்டியில் போகும்போது கேட்கிறேன்.

மேலிருந்து பார்த்தால்

நிலையத்துக்குப் பக்கத்திலேயே ‘கேரட் டவர்’ என்ற செங்கல் நிறக் கட்டடம். 26ஆவது மாடியில் நகரத்தைப் பார்க்கலாம்; கட்டணம் கிடையாது. குடும்பத்தோடு போகிறவர்கள் தவறவிட வேண்டாம். வானம் தெளிவாக இருந்தால் ஃபுஜி மலை தெரியும். எங்களுக்கு மேகம்தான் தெரிந்தது.

எட்ட நின்று பார்த்தால் நாம் விரும்பும் விளையாட்டின் ஓட்டைகளும் தெரியத்தான் செய்யும்.

முதல் குறை, வாய் அதிகம். தொடக்கத்தில் பல மணி நேரம் நம் கையைப் பிடித்து நடத்திக்கொண்டே இருக்கும். ஒரு பாத்திரம் சொன்னதை அடுத்த பாத்திரம் கைப்பேசிக் குறுஞ்செய்தியில் திரும்பச் சொல்லும். கூடவே மோர்கானா என்ற பேசும் பூனை. நாம் வெளியே கிளம்ப நினைக்கும் இரவுகளில், களைத்திருக்கிறாய், போய்த் தூங்கு என்று விரட்டும். இதை வைத்து உலகமெங்கும் விளையாட்டாளர்கள் கேலி செய்கிறார்கள். நியாயம்தான். மாலை நேரம்தான் இங்கே செல்வம் என்று சொன்ன விளையாட்டே அந்த மாலையைப் பிடுங்கினால் எரிச்சல் வராதா?

இரண்டாவது, நிலத்தடியில் விரியும் ‘மெமென்டோஸ்’ என்ற சுரங்கம். மாளிகைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக அழகு. இந்தச் சுரங்கமோ பாதைகளை மாற்றி மாற்றிக் கலைத்துப்போட்ட ஒரே மாதிரியான பாழ்வெளி. பாதிக்குமேல் கண் சொக்கும்.

மூன்றாவது குறைதான் எனக்கு வலித்தது. முதல் கதையே, மாணவிகளிடம் அத்துமீறும் ஒரு பள்ளி ஆசிரியரைப் பற்றியது. துணிச்சலாக, கோபத்தோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதில் பாதிக்கப்பட்ட ஆன் என்ற பெண்ணையே பிற்பாடு கேமரா கண்ட கோணத்தில் காட்டுகிறது. அவளது சங்கடத்தை நகைச்சுவையாக்குகிறது. ஆசிரியரின் பார்வையைக் கண்டித்துவிட்டு அதே பார்வையை நம் கையில் கொடுப்பது என்ன நியாயம்? அமெரிக்காவில் 17 வயதுக்கும் ஐரோப்பாவில் 16 வயதுக்கும் மேற்பட்டவர்களுக்கு என்று தரம் பிரித்திருக்கிறார்கள். கார்ட்டூன்போல இருக்கிறதே என்று சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

நான்காவது குறையை நான் அந்த மாடியில் நின்றபோது உணரவில்லை. கீழே இறங்கியபின்தான் தெரிந்தது.

வெல்லம் போட்ட கறி

மதியம் ஒரு சிறிய கடையில் ஜப்பானியக் கறிச்சோறு சாப்பிட்டோம். ‘கறி’ என்ற சொல்லே நம்மிடமிருந்து போனது என்பார்கள். பிரிட்டிஷ்காரர்கள் வழியாக மெய்ஜி காலத்தில் ஜப்பானுக்குப் போய், மாவு சேர்த்துக் கெட்டியாகி, வேறு பிறவி எடுத்துவிட்டது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கோழிக் கறி என்றாலும் குழம்புக் கட்டியில் மாட்டுக் கொழுப்பு கலந்திருக்கலாம். கைப்பேசி மொழிபெயர்ப்பைக் காட்டிக் கேட்டோம். கடைக்கார அம்மா பொறுமையாகப் படித்து, தலையாட்டி, எங்களுக்கு ஏற்றதைச் சுட்டிக்காட்டினார்.

சாப்பிடும்போதுதான் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அந்தக் காப்பிக்கடை ஒரு கேமில் வருவது, சோஜிரோ, பரண், எல்லாவற்றையும். சோஜிரோவின் கறியைப் பற்றியும் சொன்னேன். அது அவருடைய சொந்தச் செய்முறை இல்லை. இறந்துபோன ஒரு பெண் கற்றுக்கொடுத்தது. அந்தப் பெண்ணின் மகளைத்தான் அவர் இப்போது வளர்க்கிறார். அறையைவிட்டு வெளியே வராத அந்த மகளுக்கு அவர் கொடுப்பதும் அதே கறிதான்.

அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். கரண்டியால் குழம்பை ஒருமுறை கிளறினார்.

“இனிப்பா இருக்குல்ல? உங்கம்மாவும் புளிக்குழம்புல கடைசியா ஒரு துண்டு வெல்லம் போடுவா. நான் இத்தன வருஷம் வைக்கிறேன், அத மறந்தே போயிட்டேன். அதான் அந்த ருசி வரல.”

சிவப்பு விளக்குக்கு நின்ற ரயில்

கேரட் டவரின் அடியிலிருந்து செத்தகாயா தடம் புறப்படுகிறது. ஐந்து கிலோமீட்டர் நீளம், பத்து நிறுத்தங்கள், எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். தோக்கியோவில் எஞ்சியிருக்கும் இரண்டு டிராம் தடங்களில் இது ஒன்று. வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு, துணி காயும் கொடிகளுக்கு நடுவே போகிறது.

அப்பா ஓட்டுநருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வெள்ளைக் கையுறை அணிந்த ஓட்டுநர், ஒவ்வொரு சமிக்ஞையையும் விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொல்லி, பிறகே வண்டியை எடுத்தார். அப்பாவின் உதடுகளும் அசைந்தன. வாக்காபாயாஷி என்ற இடத்தில் ஒரு பெரிய சாலை குறுக்கிடுகிறது. அங்கே தடுப்புக் கம்பம் இல்லை. ரயில்தான் போக்குவரத்து விளக்கைப் பார்த்து நிற்க வேண்டும். கார்களும் லாரிகளும் கடந்துபோகும்வரை எங்கள் ரயில் காத்திருந்தது.

“பாரு, ரயில் சிவப்பு விளக்குக்கு நிக்குது!” அப்பா சின்னப் பையனைப்போலத் திரும்பினார். அதோடு நிற்கவில்லை. வண்டி கிளம்பியபின் பேச ஆரம்பித்தார்.

“அந்தக் கொரோனா நேரத்துல, ராத்திரி யாருமே ஏறமாட்டாங்க. ஒவ்வொரு நிறுத்தத்திலயும் மெதுவாக்கிப் பார்ப்பேன். காலியாத்தான் இருக்கும். ஒரு நாள் முதல் நிறுத்தத்துலேருந்து கடைசி வரைக்கும் ஒரு ஆள்கூட இல்ல. முப்பது வருஷத்துல அப்படி ஓட்டுனதே இல்ல. எதுக்கு ஓட்டுறேன்னு தெரியாம ஓட்டுனேன்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையேப்பா.”

“சொல்லணும்னு நினைச்சுக்கிட்டுதான் வருவேன். உன் கதவுக்கடியில வெளிச்சம் தெரியும். முழிச்சிருக்கன்னு தெரியும். யாருகூடயோ பேசிக்கிட்டிருக்கற மாதிரி சத்தம் கேக்கும். சரி, ஃபிரண்ட்ஸ்கூடப் பேசுது, தொந்தரவு வேணாம்னு போயிடுவேன்.”

அந்தச் சத்தம் சோஜிரோவும் பூனையும். நான் பதில் சொல்லவில்லை. வெளியே யார் வீட்டுக் கொல்லையிலோ சீமைப்பனிச்சைப் பழங்கள் காய்த்துத் தொங்கின.

அந்த நான்காவது குறை இதுதான். விளையாட்டில் ஒவ்வோர் உறவுக்கும் பத்து நிலைகள். சரியான பதிலைத் தேர்ந்தெடுத்தால் இசைக்குறியீடுகள் பறக்கும், புள்ளி ஏறும். பத்தாம் நிலையை எட்டியதும் அந்த மனிதரின் கதை முடிந்துவிடும். அவருக்காக ஒரு மாலையைச் செலவிட வேண்டிய தேவை பிறகு இல்லை. சோஜிரோவை நான் பத்தாம் நிலைவரை கொண்டுபோனேன். கடுகடுவென்று தொடங்கிய மனிதர் கடைசியில் சொந்தப் பிள்ளையைப்போல நடத்துகிறார். அழுதுகூட இருக்கிறேன். ஒரு மாலைக்கு ஒருவர்தான் என்று விளையாட்டு எனக்குச் சரியாகவே கற்றுக்கொடுத்தது. அந்த மாலைகளைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவருக்குக் கொடுக்காதது விளையாட்டின் குற்றமில்லை. அது என் கணக்கு.

எழுபதைத் தொடப்போகும் அப்பாவுக்குப் பத்து நிலைகள் போதாது. அவரிடம் சரியான பதில் என்று ஒன்றும் இல்லை. பேச வைக்க ஒரு சிவப்பு விளக்கு போதும். அது எங்கே எரியும் என்பதுதான் தெரியாது.

கடைசி நிறுத்தமான ஷிமோ-தக்காய்தோவில் இறங்கி, அடுத்த வண்டியிலேயே திரும்பினோம். அப்பா மறுபடியும் முன்னால் போய் நின்றுகொண்டார்.

வீட்டில்

சிங்கப்பூர் திரும்பிய மறுவாரம், “அந்த கேமைக் காட்டு” என்றார். பிளேஸ்டேஷனை என் அறையிலிருந்து கூடத்துக்கு மாற்றினேன். இப்போது அது அங்கேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவுகளில் கோப்பி-ஓ கோசோங்கோடு உட்கார்ந்து பார்ப்பார். சண்டைகள் அவருக்குப் பிடிக்கவில்லை. ஷிபுயா நிலையத்தைக் கண்டதும், “நாம தொலைஞ்ச எடம்” என்றார். சோஜிரோவைப் பிடித்துவிட்டது. “நல்ல மனுஷன்தான். வாய்தான் கொஞ்சம் கெட்டது.”

குழம்பில் வெல்லம் போட ஆரம்பித்துவிட்டார். அம்மாவின் ருசி இன்னும் வரவில்லை. ஆனால் பக்கத்தில் வந்துகொண்டிருக்கிறது.

போன வாரம் மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. திரையில் மோர்கானா வழக்கம்போல நாயகனைத் தூங்கப் போகச் சொன்னது. நான் அலுத்துக்கொண்டேன்.

“என்ன சொல்லுது அந்தப் பூனை?” என்று கேட்டார் அப்பா.

“நேரமாச்சு, போய்த் தூங்குன்னு சொல்லுதுப்பா.”

“சரியாத்தானே சொல்லுது? நாளைக்கு ஞாயித்துக்கிழமையா என்ன? போய்ப் படு” என்றபடி விளக்கை அணைத்தார்.